ஊனுண்ணித் தாவரங்களுக்கு நடுவே மரத்தவளை: பசுமைக்குடிலைத் தயார்செய்வது முதல் பராமரிப்பு வரை

குடுவைச் செடியின் விளிம்பில் தாடையை ஊன்றி, கால்களை வயிற்றுக்கடியில் மடக்கி, கண்மூடி உட்கார்ந்திருக்கும் பச்சைத் தவளையை ஒருமுறை பார்த்துவிட்டால் மனம் விடாது. மூடியின் அடியில் சுரக்கும் தேனுக்காக ஒரு குளவி வந்து இறங்கும். தவளையின் ஒரு கண் பாதி திறக்கும். அடுத்த நொடி குளவி இருக்காது. ஊனுண்ணித் தாவரம் வளர்ப்பவர்கள் பலர் இதைப் பார்த்துத்தான் தவளை வாங்கக் கிளம்புகிறார்கள்.

அங்கேதான் வரிசை தப்புகிறது. தவளையை முதலில் கொண்டுவந்துவிட்டு, பிறகு குடிலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். தவளைகள் சாவது பெரும்பாலும் அந்த இடைப்பட்ட நாட்களில்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் தவளை ஏழாவது படியில்தான் வருகிறது. முன்னால் உள்ள ஆறும் குடிலுக்கான வேலைகள். அவற்றுக்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள்.

காரணம் எளியது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். இலையில் எதைத் தெளிக்கிறோமோ, மண்ணில் எதைக் கலக்கிறோமோ, அது நேராக அதன் உடம்புக்குள் போகும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் பதிவு செய்யும் வெப்பமானி இரண்டு, ஈரப்பதமானி, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர், 2 மில்லிமீட்டர் கண்ணியுள்ள வலை, நிழல்வலை, தனிமைப்படுத்த ஒரு கண்ணாடித் தொட்டி, குறைந்த செறிவுள்ள யு.வி.பி. (புற ஊதாக் கதிர்) விளக்கு, வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடி, 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு, பொடி பூசாத கையுறை.

இவற்றோடு இன்னும் இரண்டு. உங்கள் நாட்டில் எந்தத் தவளை இனத்தை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பல நாடுகளில் உள்நாட்டுத் தவளையைப் பிடித்து வைப்பதே குற்றம். தவளைக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரையும் முன்கூட்டியே கண்டுபிடித்து வையுங்கள். தவளை நோயில் விழுந்தபின் தேட நேரம் இருக்காது.

1. செடிக்கும் தவளைக்கும் வெப்பநிலை பொருந்துகிறதா என்று பாருங்கள்

ஊனுண்ணித் தாவரம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அவற்றின் தேவைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. அமெரிக்கக் குடுவைச் செடியான சாரசீனியாவும் வீனஸ் பூச்சிப்பொறியும் முழு வெயில் கேட்பவை; குளிர்காலத்தில் மூன்று நான்கு மாதம், ஏறக்குறைய 0 முதல் 10 டிகிரிக்குள் உறங்க வேண்டும். வெப்பமண்டலக் குடுவைச் செடியான நெப்பந்தஸில் தாழ்நில வகைக்கு இரவிலும் 20 டிகிரிக்குக் குறையக்கூடாது. மலை நெப்பந்தஸ் இரவில் 10 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்தால்தான் குடுவை விடும்.

உங்கள் குடில் இந்த மூன்றில் எது என்று முடிவான பிறகே தவளையைப் பற்றி யோசிக்க வேண்டும். சாரசீனியாக் குடிலுக்குப் பொருத்தமானது அமெரிக்கப் பச்சை மரத்தவளை. அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்புகளில் அது இயல்பாகவே சாரசீனியா மேல் உட்கார்ந்து இரை பிடிக்கிறது. உடல் 3 முதல் 6 செ.மீ. தாழ்நில நெப்பந்தஸோடு சிவப்புக் கண் மரத்தவளை ஒத்துப்போகும். கால்கள் மெல்லியவை, பகலெல்லாம் இலைக்கடியில் ஒட்டித் தூங்கும். மலை நெப்பந்தஸ் குடிலில் தவளை வேண்டாம் என்பேன். அந்த இரவுக் குளிரைத் தாங்கும் வளர்ப்பு இனங்கள் மிகக் குறைவு.

புதியவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. சாதுவானது, எளிதில் கிடைப்பது. ஆனால் வளர்ந்தால் 10 செ.மீ. வரை போகும், உடம்பும் கனம். அது ஒரு இரவு தாவி ஏறினாலே சாரசீனியாவின் நெட்டைக் குடுவைகள் பாதியில் மடிந்து தொங்கும். மடிந்த குடுவை மறுபடி நிமிராது.

இரண்டு இனங்களை ஒன்றாக விடவே கூடாது. ஒன்றின் தோல் சுரப்பு மற்றொன்றுக்கு ஒவ்வாது. பெரியது சின்னதைத் தின்னவும் செய்யும். ஒரே இனத்திலும் உருவம் ஒத்தவையாகப் பார்த்து எடுங்கள்.

2. மருந்தை நிறுத்துங்கள், பிறகு காத்திருங்கள்

நான் பார்த்த சாவுகளில் அதிகமானவை இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததால் வந்தவை. அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி, கந்தகம், இமிடாக்ளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிமருந்து, நத்தைக் குளிகை, எண்ணெய்க் கரைசல், சோப்புக் கரைசல் எதுவும் இனி குடிலுக்குள் வரக்கூடாது. எண்ணெயும் சோப்பும் இயற்கையானவைதானே என்று கேட்பவர்கள் உண்டு. இலைக்கு அவை பெரிய தீங்கில்லைதான். தவளையின் தோலில் படிந்திருக்கும் சளிப்படலத்தை அவை கரைத்துவிடும்; அந்தப் படலம் போனால் ஈரமும் போகும், கிருமியைத் தடுக்கும் அரணும் போகும்.

ஊடுருவும் மருந்துதான் மிகவும் ஏமாற்றும். அது செடியின் சாற்றில் கலந்து தேன்சுரப்பு வரை போகும், மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். அந்தத் தேனைக் குடித்துத் தள்ளாடும் பூச்சியைத்தான் தவளை முதலில் பிடிக்கும். நீங்கள் மருந்தே தெளிக்காவிட்டாலும், விற்பவர் தெளித்திருக்கலாம். ஆகவே புதிதாக வாங்கும் ஒவ்வொரு செடியையும் பழைய மண்ணை முழுக்க அலசி நீக்கி, புது பீட் (சதுப்பு மக்கு), பெர்லைட் (எரிமலைக்கல்லைப் பொரித்த வெள்ளை மணி) கலவையில் மாற்றி, குடிலுக்கு வெளியே மூன்று மாதம் வையுங்கள். புதிதாக வந்த இலைகளும் குடுவைகளும் வேண்டிய அளவு சேர்ந்ததும் பழைய குடுவைகளை வெட்டிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

மேலே தெரியும் பெர்லைட் மணிகளின் மீது உயிருள்ள ஸ்பாக்னம் பாசியைப் பரப்புங்கள். தவளை இரையோடு சேர்த்து மணிகளை விழுங்குவதை அது தடுக்கும். பாசியைக் கையாளும்போது கையுறை அவசியம். ஸ்பாக்னத்தில் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை இருக்கக்கூடும். சிறு கீறல் வழியாக நுழைந்தாலும் ஆறாத புண்ணாகும்.

உரத்திலும் கவனம் வேண்டும். சாரசீனியாக் குடுவைக்குள் மெதுவாகக் கரையும் உரமணி போடும் பழக்கம் எனக்கும் இருந்தது. ஒரு நாள் காலையில் ஒரு குடுவையைப் பிளந்து பார்த்தபோது, கரைந்த உரக்குழம்புக்கு இரண்டு விரற்கடை மேலே தவளையின் பின்கால் பட்ட தடம் சளியாகக் காய்ந்திருந்தது. அது இறங்கி, சுட்டு, ஏறியிருக்கிறது. அன்றோடு உரமணியை விட்டேன். இலைமேல் உரம் தெளிப்பதும் அதே ஆபத்துதான்.

அப்படியானால் பூச்சி வந்தால் என்ன செய்வது? சாரசீனியாவிலும் பூச்சிப்பொறியிலும் அசுவினி வந்தால், தொட்டியின் வாயைத் துணியால் கட்டி, செடி முழுவதையும் மழைநீரில் இரண்டு நாள் அமிழ்த்தி வையுங்கள். துணி கட்டாவிட்டால் பீட் முழுதும் மிதந்து வந்துவிடும். இலைப்பேனுக்கும் சிலந்திப்பேனுக்கும் அவற்றைத் தின்னும் கொன்றுண்ணிப் பேன்களை விடலாம். அவை கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு என்பதால் தவளை சீண்டாது. செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் தாக்கிய இலையை வெட்டி எரித்துவிடுங்கள். எதற்கும் அடங்காத செடியைக் குடிலிலிருந்து நிரந்தரமாக வெளியேற்றுங்கள்.

3. தண்ணீரை இரண்டாகப் பிரியுங்கள்

இந்தச் செடிகளுக்குத் தாது உப்பு இல்லாத தண்ணீர் வேண்டும். டி.டி.எஸ். 50 பி.பி.எம்-க்குக் கீழே இருந்தால் நல்லது, மழைநீரோ, ஆர்.ஓ. நீரோ, வடிநீரோ ஆகும். குழாய்த்தண்ணீரின் உப்பு பீட்டில் ஏறிக்கொண்டே போய் வேரைக் கருக்கும்.

தவளைக்கு நேர்மாறு. உப்பே இல்லாத நீரில் நெடுநேரம் ஊறினால், அதன் உடம்பிலுள்ள உப்பு தோல் வழியாக வெளியே கசியும். அதற்குத் தனிக் கிண்ணத்தில் குளோரின் நீக்கிய குழாய்த்தண்ணீர் வையுங்கள். குளோரின் மட்டும் என்றால் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்தால் போய்விடும். குளோரமின் கலந்த நீராக இருந்தால் வைத்திருப்பதால் பயனில்லை; மீன்தொட்டிக்குப் போடும் நீர்ச்சீராக்கி வேண்டும். உங்கள் ஊர்க் குடிநீரில் எது கலக்கிறார்கள் என்று விநியோகிப்பவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிண்ணம் அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும். தவளை உட்கார்ந்தால் பாதி உடம்பு வரை நனைந்தால் போதும். மரத்தவளைக்கு நீச்சல் அவ்வளவு வராது. கிண்ணத்தைச் செடித் தட்டுகளிலிருந்து தள்ளி, ஒரு முக்காலி மேல் வையுங்கள். தவளை தாவும்போது தெறிக்கும் தண்ணீர் பீட்டில் விழாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. தினமும் கழுவி நீர் மாற்றுங்கள், அதே கிண்ணத்தில்தான் அது கழியும்.

இலைமேல் தெளிக்கும் பனிப்புகைக்கு மழைநீரோ ஆர்.ஓ. நீரோ போதும். ஒரு மெல்லிய படலம் பட்டுக் காய்வதால் தவளைக்குக் கெடுதல் இல்லை.

4. வெயிலில் ஓர் ஒதுக்குப்புறம்

கண்ணாடிக் குடில் கோடை நண்பகலில் சில நிமிடங்களில் 40 டிகிரியைத் தாண்டும். சாரசீனியா அதைப் பொறுத்துக்கொள்ளும். தவளை பொறுக்காது, குளிரால் சாவதைவிடச் சூட்டால் வேகமாகச் சாகும். ஒரு வெப்பமானியைச் செடிகளின் மேல்மட்டத்திலும், மற்றொன்றைத் தவளை தூங்கும் மூலையிலும் வையுங்கள். அந்த மூலையில் 30 டிகிரிக்கு மேல் போகாத நிலை ஒரு மாதம் தொடர்ந்து பதிவான பிறகே அடுத்த வேலை.

குடில் முழுவதும் நிழல்வலை போட்டால் செடிகள் வெளிறி நீண்டுபோகும். ஒரு மூலைக்கு மட்டும் போடுங்கள். அங்கே அகன்ற இலைச் செடிகளை நெருக்கமாக வையுங்கள். கூரையிலும் பக்கத்திலும் காற்றுத் திறப்பு இரண்டும் வேண்டும், ஒன்று மட்டும் இருந்தால் சூடு தேங்கும்.

தூங்குமிடத்துக்கு நான் வைப்பது பி.வி.சி. குழாய்தான். 4 செ.மீ. விட்டம், 60 செ.மீ. நீளம், நெட்டாக நிறுத்தி, அடியை மூடி, அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் ஒரு துளை போட்டால் போதும். துளை மட்டத்துக்கு நீர் நிற்கும், மேலே ஈரக்காற்று இருக்கும். காட்டில் மரத்தவளைகளைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்களும் இதே குழாயைத்தான் நட்டு வைக்கிறார்கள். தவளைகள் தாமாகவே வந்து புகுந்துகொள்ளும். குழாய் நிறைய இருந்தால் குடுவைகளில் கூட்டம் குறையும். செடிக்கும் அது நிம்மதி.

குடிலில் வெயில் இருக்கிறதே, விளக்கு எதற்கு என்று கேட்பார்கள். சாதாரணக் கண்ணாடியும் பாலிகார்பனேட்டும் யு.வி.பி. கதிரை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும். அது இல்லாமல் டி3 உருவாகாது. கால்சியம் எலும்பில் சேராது. தாடை வளைந்து, கால் மரத்துத் தவளை மெல்லச் சாகும். தவளை மூலையின் மேல், வலைக்கு வெளியே விளக்கை மாட்டுங்கள். எவ்வளவு தூரம் என்பது விளக்கின் உறையில் இருக்கும்.

5. ஓட்டை, விசிறி, கதவு

ஒரு விரல் நுழையும் இடைவெளியில் தவளை நுழையும். காற்றுத் திறப்புகள், வடிகால், மின்கம்பி நுழையும் துளை எல்லாவற்றுக்கும் வலை அடியுங்கள். விசிறியின் இரு பக்கமும் வலை வேண்டும். முன்பக்கம் மட்டும் வைத்தவர் ஒருவரின் குடிலில், விசிறியின் பின்புறம் மோட்டாரின் வெதுவெதுப்புக்காக ஒட்டிக்கொண்ட தவளை காய்ந்து கிடந்ததைப் பார்த்தேன்.

சூடேற்றிக்குக் கம்பிக்கூடு போடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வேண்டும். மூட முடியாவிட்டால் உள்ளே ஒரு மரப்பட்டையைச் சாய்த்து வையுங்கள்.

கதவும், தானாகத் திறந்து மூடும் கூரை ஜன்னலும்தான் மறைவான ஆபத்து. சட்டத்தின் கீல் பக்கம் எப்போதும் சற்று ஈரமாக இருக்கும். தவளைக்கு அது பிடித்த இடம். கீல் இடுக்கில் நுரைப்பட்டையை ஒட்டி அடைத்துவிடுங்கள். கதவை மூடும் முன் மேலிருந்து கீழ் வரை சட்டத்தைக் கண்ணால் ஒருமுறை தடவும் பழக்கத்தை, தவளை வருவதற்கு முன்பே வரவழைத்துக்கொள்ளுங்கள்.

6. செடி தவளையைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

வளர்ந்த மரத்தவளையைச் செடி பிடிப்பது அரிது. விரல் நுனித் தட்டுகளில் அறுகோணச் செல்களும் அவற்றினிடையே சளியும் இருப்பதால் வழுவழுப்பான சுவரிலும் ஏறிவிடும். ஆனால் குட்டித் தவளைக்கு அந்த உறுதி கிடையாது. கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் சாரசீனியா பர்பியூரியாவின் குடுவைகளில் இளம் சாலமாண்டர்கள் (பல்லி உருவிலுள்ள, தவளையின் உறவினங்கள்) விழுந்து கிடந்ததை 2019-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. ஒரு கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு குடுவையில். வழுக்கும் விளிம்பு, கீழ்நோக்கிய மயிர்கள், அடியில் நீர். உருவம் சின்னதாக இருந்தால் தப்ப வழியில்லை.

ஆகவே 3 செ.மீ-க்குக் குறைந்த தவளையைக் குடிலுக்குள் விடாதீர்கள். அதற்கு மேலிருந்தாலும், வாய் அகன்ற குடுவைகளில் சொரசொரப்பான குச்சி ஒன்றை அடிவரை இறக்கி, விளிம்புக்கு மேலே இரண்டு அங்குலம் நீட்டி நிறுத்துங்கள். இது ஏணி. நெப்பந்தஸில் உட்சுவரின் மேல்பாதி மெழுகுப் பொடி பூசியது. விரல் பிடிப்பு அங்கே கெடலாம் என்பதால் பெரிய குடுவைகளின் வாயில் பாசிப் பந்தை லேசாக அடைத்துவிடுவேன். அந்தக் குடுவைக்குக் கிடைக்கும் பூச்சி குறையும். பரவாயில்லை.

பெரிய பனித்துளிச் செடிகளையும் தவளை மூலையிலிருந்து விலக்குங்கள். அவை தவளையைச் செரிக்கப்போவதில்லை. பிசின்தான் சிக்கல், தோலில் ஒட்டிக் காய்ந்தால் தவளை புரண்டு புரண்டு இலையையும் நாசமாக்கும், தன்னையும் களைப்பாக்கிக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'குடுவைக்குள்ளேயே குஞ்சு பொரிக்கும் தவளை இருக்கிறதே' என்று பலர் கேட்பார்கள். உண்டு. போர்னியோவில், சராவக்கின் குபா தேசியப் பூங்காவில், நெப்பந்தஸ் ஆம்புல்லேரியாவின் குடுவைகளில் முட்டையிடும் மைக்ரோஹைலா தவளையை 2010-இல் விவரித்தார்கள். வளர்ந்த ஆண் 11 முதல் 13 மில்லிமீட்டர்தான். அது மரத்தவளையே அல்ல, குறுவாய்த் தவளை. அந்தச் செடியும் பூச்சியைவிட உதிர்ந்த இலைகளை நம்பி வாழ்வது. அதைப் பார்த்து நம் தவளையும் குடுவையில் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணக்கூடாது.

7. தவளையை வாங்கி, 60 நாள் தனியே வையுங்கள்

காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள். காப்பில் பிறந்தது என்று விற்பவர் உறுதி சொல்ல வேண்டும். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சைக்கு 1999-இல்தான் பெயர் சூட்டினார்கள். 2019-இல் வந்த மதிப்பீட்டின்படி குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்களின் சரிவில் அதற்குப் பங்குண்டு. அது 17 முதல் 25 டிகிரிக்குள் நன்றாக வளரும். நம் குடிலின் இதமான வெப்பமும் அதுவேதான் என்பதை மறக்க வேண்டாம். பீட்டும் பாசியும் நிறைந்த குடிலுக்குள் ஒருமுறை அது நுழைந்தால் கழுவி எடுக்க வழியில்லை.

தனிமைத் தொட்டியைக் குடிலுக்கு வெளியே, வேறு அறையில் வையுங்கள். தரையில் ஈரமான காகிதத் துண்டு, ஒரு குழாய், ஒரு கிண்ணம் போதும். மண் போட்டால் கழிவு தெரியாது. கழிவைப் பார்ப்பதற்காகத்தான் தனிமை. முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் தோல் மாதிரி எடுத்துக் கைட்ரிட் பரிசோதனையும், கழிவில் புழுப் பரிசோதனையும் செய்யுங்கள். அந்தத் தொட்டிக்குத் தனி இடுக்கி, தனிக் கையுறை. குடில் வேலையை முடித்தபின் கடைசியாக அங்கே போங்கள். அங்கிருந்து திரும்பக் குடிலுக்குப் போகாதீர்கள். கழுவிய தண்ணீரில் பிளீச் கலந்து சற்றுநேரம் வைத்துவிட்டே ஊற்றுங்கள்.

மூன்று வாரம் நன்றாகத்தானே இருக்கிறது என்று எடுத்து விட்டுவிடுவது வழக்கமான தவறு. 60 நாளும் போகட்டும். அதற்குள் ஒவ்வொரு தவளையின் எடையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னால் அதுதான் கைகொடுக்கும்.

8. குடிலுக்குள் விடும் நாள்

மாலை மங்கிய பிறகு விடுங்கள். பகலில் விட்டால் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணாடியில் முட்டி மூக்கைத் தேய்த்துக்கொள்ளும். பெட்டியைக் குழாய்களுக்கு அருகில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, வெளியே வந்துவிடுங்கள். கையால் எடுத்து இலைமேல் உட்காரவைக்க வேண்டாம். நம் கையின் உப்பும் சூடும் அதற்கு எரிச்சல். தொட்டே ஆகவேண்டுமென்றால் ஈரமான கையுறையோடு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்; தவளை மேல் சால்மோனெல்லா இருக்கலாம்.

முதலில் இரண்டு மூன்று போதும். செடிகள் எவ்வளவு கழிவைத் தாங்குகின்றன என்று ஒரு பருவம் பார்த்த பிறகு கூட்டலாம்.

9. தீனி

குடுவையைத் தேடிவரும் பூச்சிகளே போதும் என்ற நம்பிக்கை தவளையைப் பட்டினி போடும். வலை அடித்த குடிலுக்குள் பூச்சி எங்கிருந்து வரும்? இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை சுவர்க்கோழியோ கரப்பான் குஞ்சோ கொடுங்கள். தவளையின் இரு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய இரை கூடாது.

இரையைத் திறந்துவிடாதீர்கள். தப்பிய சுவர்க்கோழி பூச்சிப்பொறியின் இளங்குருத்தைக் கடிக்கும், தூங்கும் தவளையின் விரலையும் கடிக்கும். வழுவழுப்பான உயரக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரையைப் போட்டு, குழாய்க்கு நேர்கீழே வைத்தால் தவளை மேலிருந்து பார்த்து இறங்கும். காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கால்சியம் பொடியைக் குடிலுக்கு வெளியே ஒரு பையில் குலுக்கி ஒட்டவைத்து, உதறியபின் உள்ளே கொண்டுவாருங்கள். அந்தப் பொடி பீட்டில் விழுந்தால் நாம் ஆர்.ஓ. நீர் ஊற்றுவதற்கே அர்த்தமில்லை.

செடிகளுக்கும் தனியாகத் தீனி போடுங்கள், ஏனென்றால் அவற்றின் பங்கைத் தவளை பிடித்துக்கொள்கிறது. காய்ந்த பூச்சியை நனைத்து இடுக்கியால் வைத்தால் போதும். தவளையின் கழிவு குடுவைக்குள் விழுவது நைட்ரஜன்தான். ஆனால் ஒரே குடுவையில் நாள்தோறும் விழுந்தால் சுவர் பழுப்புத் திட்டாகி உளுத்துப்போகும். அப்போது குடுவையை வெட்டுங்கள், பக்கத்தில் இன்னொரு குழாயை நடுங்கள்.

10. தினமும் வாரமும் பார்க்க வேண்டியவை

இரவில் மங்கிய டார்ச் வெளிச்சத்தில் எண்ணிக்கை எடுங்கள். காலையில் எங்கே தூங்குகிறது என்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் தரையில், தோல் கருத்து, கால்களை மடக்காமல் உட்கார்ந்திருந்தால் உடனே தனிமைத் தொட்டிக்கு மாற்றி மருத்துவரை அழையுங்கள். வயிற்றடியிலோ தொடையிலோ சிவப்பு, துண்டு துண்டாக உரியும் தோல், கவிழ்த்தால் புரள முடியாமை ஆகியவையும் அப்படித்தான். தனியே வைத்த நாட்களில் குறித்த எடையோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

இலையில் ஒட்டிய கழிவை மழைநீரால் கழுவுங்கள். குடுவைகளின் ஏணிக் குச்சியை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பூஞ்சை படிந்து வழுக்கும் குச்சி ஏணியாகாது.

11. குளிர்காலம்

சாரசீனியா உறங்கும் குடிலில் தவளையை விட்டுவைக்காதீர்கள். இயற்கையில் பச்சை மரத்தவளை மரப்பட்டைக்கடியில் குளிரைக் கழிக்கும் என்பது உண்மை. குடிலில் அந்த ஆழமும் மறைவும் இல்லை. பகலில் வெயில் ஏறி எழுப்பும், இரவில் உறைய வைக்கும், தின்ன எதுவும் இருக்காது. இரவு வெப்பம் 12 டிகிரியைத் தொட்டதும் வீட்டுக்குள் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். செடிகள் தளிர்விடும்போது திரும்ப விடலாம்.

12. தானாக வந்த தவளையும், வெளியே போகும் செடியும்

சிலருக்கு வாங்காமலே தவளை வந்துவிடும். அது உள்ளூர்த் தவளை. அதைப் பிடிக்கவோ தீனி போடவோ வேண்டாம். மருந்தில்லாத குடிலும், ஆழமற்ற நீரும், வந்த வழியே போக ஓர் இடைவெளியும் இருந்தால் போதும். ஆனால் அது வந்துபோகும் குடிலில் வாங்கிய தவளையை வைக்கக்கூடாது. நோய் இரண்டு பக்கமும் கடக்கும். அது செடித் தட்டில் முட்டையிட்டால் காத்திருக்காமல் மாற்றுங்கள். பீட் ஊறிய நீரின் பி.எச். 4-க்குக் கீழே போகக்கூடும். அதில் பெரும்பாலான தவளை முட்டைகள் பொரிக்காது. முட்டைத் திரளை நீரோடு அள்ளி, பக்கத்தில் அந்தத் தவளை வந்த குளம் தெரிந்தால் அதே குளத்தில் விடுங்கள்.

வாங்கிய தவளையையோ அதன் முட்டையையோ எந்த நிலையிலும் வெளியே விடக்கூடாது. புவெர்ட்டோ ரிக்கோவின் கோகீ தவளை 1980-களின் இறுதியில் நாற்றுச் செடிகளோடு ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. இன்றுவரை அதை அங்கிருந்து அகற்ற முடியவில்லை.

அதனால் யாருக்காவது ஒரு சாரசீனியா கொடுக்கும்போது முந்தின இரவே தொட்டியைத் தட்டிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். காலையில் அடித்துளைகளைப் பாருங்கள், பாசியை விரலால் விலக்கிப் பாருங்கள், ஒவ்வொரு குடுவைக்குள்ளும் டார்ச் அடித்து அடிவரை பாருங்கள். உள்ளே தவளை தூங்கினால் குடுவையை அசைக்காமல் செடியைக் குழாயருகில் வைத்துவிட்டு, இருட்டும்வரை பொறுத்திருங்கள். அது வெளியேறிய பிறகு பெட்டியில் கட்டுங்கள்.